அடுத்தவள் நேர்த்திக்கடன்

தெய்வம் உண்டா இல்லையா என்று யாராவது பேச்செடுத்தால் ஆட்டக்காரி லம்துவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இல்லாமத்தான் இந்தப் புழுக்கத்துல தலையில கிரீடத்த மாட்டிக்கிட்டு ஆடிட்டிருக்கேனா?" என்று எதிரில் நிற்பவர் வாயை அடைத்துவிடுவாள். ஊரைக் காக்கும் தூணையே தெய்வமாகக் கும்பிடும் பாங்காக் நகரத் தூண் கோயிலை ஒட்டிய ஆட்டக் கொட்டகைதான் அவள் பிழைப்பு. எதிரே அரண்மனை மதில். அதைப் பார்க்க உலகமே வந்து குவிகிறது. இவள் உள்ளே போனது மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரே ஒரு தடவை. அதற்கெல்லாம் எங்கே நேரம்? ஊர்க்காரர்களின் வேண்டுதல் தீர்ந்தால்தானே!

நினைத்தது நடந்தால் ஆட்டம் வைக்கிறேன் என்று தூணுக்கு முன்னால் நேர்ந்துகொள்வார்கள். நடந்ததும் வந்து நிற்பார்கள். லாட்டரி விழுந்தவன் வருவான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் கறுப்புச் சீட்டு வந்து தப்பித்தவன் ஆத்தாளையும் கூட்டிக்கொண்டு வருவான். மூலம் குணமான ஒரு பெரிய மனிதர்கூட வந்தார். கோஷ்டித் தலைவர் பிரயூன் மாமா கட்டை வாத்தியத்துக்கு முன் உட்கார்ந்து, இன்னார் இன்னது கேட்டார், கிடைத்தது, இதோ கடனைத் தீர்க்கிறார் என்று தெய்வத்தின் காதில் விழும்படி பாட்டாகவே பாடிவிடுவார். மூலத்துக்கும் அதே ராகம்தான். கூட ஆடும் முவாய் அன்றைக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் விரலைக் கடித்துக்கொண்டாள்.

கொட்டகையில் கட்டுப்பாடு உண்டு. தொடங்கிய ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கடன் தீராமல் அந்தரத்தில் நிற்கும். யாரைக் குறித்து வேண்டினார்களோ அவர்கள் தலையில் விடியும். இன்னொன்று, ஆடுகிறவர்கள் தங்களுக்காக இந்தத் தூணிடம் எதையும் கேட்கக் கூடாது. பந்தியில் பரிமாறுகிறவள் முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொள்ளலாமா?

லம்துவனும் கேட்டதில்லை. படகோட்டிப் புருஷன் எவளோடோ தெற்கே போனபோதுகூட, போனவன் போகட்டும் என்று முகத்துக்கு மாவைப் பூசிக்கொண்டு மேடை ஏறினாள். ஆனால் இந்த மழைக்காலத்தில் அந்தக் கட்டுப்பாடு அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. காரணம் மகள் சாலி.

சாலிக்குத் தா தியன் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அக்கரையில் இருக்கும் விடியல் கோயில் கோபுரத்துக்குப் போகிறவர்கள் அவள் சன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படிப் போன வாரித் என்ற பையன், போன வேலையை விட்டுவிட்டு அந்தச் சன்னலையே சுற்ற ஆரம்பித்தான். ராட்சத ஊஞ்சல் கம்பம் இருக்கும் தெருவில் புத்தர் சிலைக் கடை வைத்திருக்கும் ஒரு விதவையின் ஒரே பிள்ளை. ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வந்து லம்துவன் கையால் சாப்பிட்டுவிட்டுத் தட்டையும் கழுவி வைப்பான். இவன்தான் மருமகன் என்று அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

திடீரென்று அவன் வரவில்லை. கேட்டால் சாலி, "கடையில வேலை ஜாஸ்தியாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். பெற்ற வயிறு எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கும்? 'அவனைக் கொண்டுவந்து சேர்த்துடு' என்று தூணைப் பார்த்துக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அம்மாள் கை நிறைய மல்லிகை மாலையோடு வந்தாள். நரைக்குச் சாயம், கழுத்தில் பச்சைக்கல், முகமெல்லாம் நிம்மதி. பிரயூன் மாமாவின் காதில் விவரத்தைச் சொல்லிவிட்டு மேடைக்கு எதிரே மண்டியிட்டுக் கும்பிட்டாள். லம்துவன் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு முதல் அடி வைத்தாள். மாமா குரலெடுத்தார்.

"ஊஞ்சல் கம்பத் தெரு கிம்லாங் வந்திருக்கிறாள், சாமி! அவள் மகன் வாரித், படகுத்துறை டிக்கெட்காரியை விட்டு விலகணும்னு கேட்டாள். விலகிட்டான். கடனைத் தீர்க்கிறாள், ஏத்துக்கோ!"

அடிப்பாவி! தன் பெண்ணின் வாழ்வைப் பிடுங்கியதற்கு நன்றி சொல்லும் ஆட்டத்துக்குத் தன் காலையே தூக்க வேண்டியிருக்கிறதே! பக்கத்தில் வந்து சுற்றும் சாக்கில் முவாய் கிசுகிசுத்தாள்.

"அக்கா, நம்ம சாலிதானே? நிறுத்திடுங்க. மயக்கம்னு சொல்லி விழுந்துடுங்க, நான் புடிச்சுக்கறேன்."

"வாய மூடிக்கிட்டு ஆடுடி."

நிறுத்தியிருக்கலாம். கிம்லாங் கட்டிய கோட்டை ஒரு நொடியில் சரிந்திருக்கும். ஆனால் அது யார் தலையில் விடியும்? தட்டைக் கழுவி வைத்த அந்தப் பிள்ளை தலையில். லம்துவன் ஒரு விரல் பிசகாமல் ஆடினாள். கண்ணிலிருந்து வழிந்தது மாவைக் கரைத்துக்கொண்டு கன்னத்தில் கோடு போட்டது. பார்த்தவர்கள் வியர்வை என்று நினைத்தார்கள்.

முடிந்ததும் கிம்லாங் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னமா ஆடினீங்கம்மா! நல்ல எடத்துல பொண்ணு அமையட்டும், மறுபடியும் நீங்கதான் ஆடணும்."

லம்துவன் கிரீடத்தைக் கழற்றினாள். "அக்கா, அந்த டிக்கெட்காரி என் பொண்ணு."

கிம்லாங் பிடித்த கையை விட்டாள். முதலில் அவள் முகத்தில் வந்தது வெட்கம் அல்ல, பயம். "திட்டிக்கிட்டே ஆடினீங்களா? சாபம் கீபம் விட்டுட்டீங்களா? எனக்கு ஒத்தப் புள்ளம்மா!"

"திட்டணும்னா மூஞ்சிக்கு நேரா திட்டுவேன், எனக்கென்ன பயம்? ஆட்டத்துல திட்ட மாட்டேன். என் வீட்டுச் சோத்த சாப்பிட்ட புள்ளைக்கு நான் கெடுதல் நினைப்பேனா?"

கிம்லாங், கேட்க வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு, "உங்க வீட்டுல என்ன சாப்பிட்டான்?" என்றாள்.

"பாவக்காய்க்குள்ள பன்னிக்கறி அடைச்ச சூப்பு. ரெண்டு கிண்ணம் குடிப்பான்."

"பாவக்காயா? நான் வச்சா மோந்துகூடப் பாக்க மாட்டானே!" என்றவள், மிச்சமிருந்த ஒரு மாலையைக் கையில் பிடித்தபடி விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். நன்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. இதற்குத்தானா ஆடினோம் என்று லம்துவனுக்கு ஆற்றாமை பொங்கியது.

உடுப்பை மாற்றியதும் மதில் ஓரமாக நடந்து படகுத்துறைக்குப் போனாள். மகளிடம் இதை மறைப்பதில் அர்த்தமில்லை. சன்னலுக்குப் பக்கத்தில் குனிந்து நடந்ததை எல்லாம் கொட்டினாள். "அவ அந்தத் தூணக் கேட்டு உங்களப் பிரிச்சுட்டாடி. அதுக்கு நானே ஆடிட்டு வந்திருக்கேன், பாவி!"

சாலி யாருக்கோ டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். "தூணு ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் போகச் சொன்னேன்."

"என்னது?"

"அவங்க அம்மா ஒத்துக்கல. அவங்கள விட்டுட்டு வந்துடறேன், தனியா எடம் பாத்துக்கலாம்னான். அந்தம்மாவுக்கு அவன விட்டா யாரு? அப்பா போனப்ப நீ ஒத்தையா நின்னத நான் பாத்தவதானே. இன்னொரு அம்மாவ அப்படி நிக்க வைக்க எனக்கு மனசு வரல. வராதேன்னுட்டேன். கடையில வேலைன்னு உங்கிட்ட சொன்னது பொய்தான்." இதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் உடைந்தது.

லம்துவனுக்கு மகளை அறைவதா அணைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நடுவில் சன்னல் கம்பி. "அட லூசே! சும்மா நின்னுட்டிருந்த தூணுக்கா நான் இவ்வளவு நேரம் ஆடினேன்?" என்று கத்தினாள். கத்தும்போதே அவளும் அழுதுவிட்டாள்.

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. "அம்மா, அழுறதுன்னா ஓரமா நின்னு அழுங்க, படகு போயிடும்!" என்றான் ஒருவன்.

"போனா அடுத்தது வரும், வாய மூடு!" என்று வரிசைக்குள்ளிருந்தே ஒரு குரல் அவனை அடக்கியது. லம்துவன் திரும்பினாள். கிம்லாங்! பெண் எப்படித்தான் இருக்கிறாள் என்று பார்த்துவிட நேராக இங்கே வந்து வரிசையில் நின்றிருக்கிறாள். சாலி சொன்னது முழுதும் அவள் காதில் விழுந்துவிட்டது என்பது சிவந்த கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

அவள் முன்னால் வந்து, கையில் கசங்கியிருந்த மல்லிகை மாலையைச் சன்னல் வழியாக உள்ளே நீட்டினாள். சாலி வாங்கத் தெரியாமல் விழித்தாள்.

"வாங்கிக்கம்மா. நான் கேட்டதக் குடுத்தது நீதானே. கடன இங்கதான் தீர்க்கணும்," என்றாள் கிம்லாங். "அவன் வீட்டுலயும் சரியா சாப்பிடறதில்ல. நாளைக்கு ஞாயித்துக்கிழம. உன் வாயாலயே கூப்பிடு, வருவான்."

சாலி மாலையை மடியில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். வரிசையில் நின்றவர்கள் டிக்கெட்டை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

கிம்லாங் லம்துவன் பக்கம் திரும்பினாள். "நானும் வரலாமா? அந்தப் பாவக்காய்ல கசப்ப எப்படித்தான் எடுக்கறீங்கன்னு நான் பாக்கணும்."

"நான் எடுக்கறதே இல்லக்கா," என்றாள் லம்துவன். "கசப்போடதான் குடிக்கறான்."