வெள்ளிக்கிழமையில் அழிக்கக்கூடாத பைத்தான்கள்

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் எங்கள் வீட்டில் கணினி ஒன்றுதான். உரிமை கொண்டாட மூன்று பேர்: நான், மனைவி, அவள் தம்பி. மூவரும் பைத்தான் என்ற கணினி மொழியை ஆளுக்கொரு வகுப்பில் படித்தோம். ஆளுக்கொரு வாத்தியார் சொன்ன பதிப்பை, அடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அதே கணினியில் இறக்கியும் வைத்தோம்.

அதன் பலன் என் நேர்முகத் தேர்வன்று காலையில்தான் தெரிந்தது. கண்டி டவுனில் ஒரு மென்பொருள் நிறுவனம். வீடியோவில் கூப்பிடுவார்கள், நான் எழுதிய நிரலை அவர்கள் கண்ணெதிரே பில்ட் செய்து, அதாவது முழுசாகத் தொகுத்து, ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த வேலைக்கு நான் ஏங்கிக் கிடந்தேன். முந்தின நாள் சமர்த்தாக ஓடிய நிரலோ, திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் என்னைத் திட்டியது.

"யாரு இதத் தொட்டது?" என்று கத்தினேன்.

"எங்க வாத்தியார் சொன்னத நேத்துதான் போட்டேன் மச்சான். சும்மாதானே குடுக்கிறாங்க," என்றான் மனைவியின் தம்பி.

"என்னோடதும் ஒன்னு இருக்குங்க," என்றாள் மனைவி.

விஷயம் விளங்கிவிட்டது. நான் பைத்தானைக் கூப்பிட்டால் வரிசையில் முன்னால் நிற்பவன் ஓடி வருகிறான். அவனுக்கோ என் வேலையில் ஒரு மண்ணும் தெரியாது.

"ரெண்டு பேரோடதையும் இப்பவே அழிக்கிறேன்!"

சாமிப் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பினார். "மாப்பிள்ள, இன்னைக்கு வெள்ளிக்கிழம. வீட்டுல உள்ளத வெளிய தள்ளாதீங்க."

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு உப்புக்கூடப் போகாது. அந்தச் சட்டம் கணினிக்குள்ளும் செல்லும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"அது குப்ப அத்த!"

"குப்பையா இருந்தா நாளைக்குக் கூட்டிக்கலாம்."

கோபம் தலைக்கேறியது. அழிக்கத்தானே கூடாது, சேர்க்கலாமே என்று என்னுடையதை இன்னொரு முறை இறக்கினேன். இப்போது நான்கு. பிழைகளும் பெருகின. அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது.

திரையில் வந்த அம்மணி யாழ்ப்பாணத்தார். என் சிவப்பு எழுத்துகளைப் பொறுமையாகப் படித்தார். "உங்கட மெஷின்ல நாலு பைத்தான் கிடக்கு. ஏன் மற்றதுகளை எடுக்கேல்ல?"

பொய் சொல்லலாம் என்றால், மாமியார் கதவருகில் கைகட்டி நிற்கிறார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க. மாமியார் விடமாட்டேங்கிறாங்க."

சொல்லி முடித்ததும் வெட்கத்தில் செத்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஓம், எங்கட அம்மாவும் விடமாட்டா. அப்ப, எடுக்காமலே சரிசெய்யேலுமோ?"

அந்தக் கேள்வியில் என் கோபம் இறங்கிப் புத்தி திரும்பியது. எந்தப் பைத்தானை முதலில் தேடுவது என்று கணினி ஒரு வரிசை வைத்திருக்கும். அதில் என் பழையதை முன்னால் நிறுத்தினேன். மற்ற மூன்றும் கௌரவம் குறையாமல் பின்னால் போயின. நிரல் ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேலை உங்களுக்குத்தான் தம்பி," என்றார்.

"அப்ப நியமனக் கடிதம் இன்னைக்கே அனுப்பிருவீங்களா?"

"அதெப்பிடி? இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ. என்ர கையால ஒண்டும் வெளியில போகாது."

கதவருகிலிருந்து மாமியார் சொன்னார்: "நல்லா வளத்திருக்காங்க அந்தப் புள்ளய."