தெத்துப்பல்

"இந்த டாக்டருக்கு நாலு புள்ளி ஏழு ஸ்டாரும்மா" என்று மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு நட்சத்திரமும் தெரியாது, நிலாவும் தெரியாது. சனிக்கிழமை போகலாமா என்று கேட்கிறாள். மேல் வரிசையில் இடது பக்கம் அவளுக்கு ஒரு பல் முன்னால் வந்து நிற்கும். அதை எடுத்துவிட்டுக் கம்பி போட்டால் எல்லாம் வரிசையாகிவிடும் என்று போனிலேயே சொல்லிவிட்டார்களாம். வாயைப் பார்க்காமலே.

"நம்ம வீட்டுல யாருக்கும் இப்படி இல்ல. எனக்கு மட்டும் எங்கேர்ந்தும்மா வந்துச்சு?"

என் மூக்கில் கிராம்புத் தைல வாசனை வந்துவிட்டது. வீட்டில் அதை வாங்கி எத்தனையோ வருஷமாகிறது. இருந்தும் பல் டாக்டர் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

அந்த வாசனைக்குப் பின்னாலேயே என் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டையும் வரும். அவர் அப்போது தனியார் பஸ்ஸில் கண்டக்டர். போளூர், கண்ணமங்கலம், வேலூர் என்று அவர் கத்துவது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும். நான் எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்த புதிதில் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்தவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னைவிட அவர்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ ஏதோ கேலி பேச, வாய்விட்டுச் சிரித்தார். இடது பக்கம் ஒரு தெத்துப்பல் எட்டிப் பார்த்தது. சம்மதம் சொன்னதற்கு வீட்டில் நான் வேறு காரணங்களை அடுக்கினேன். உங்களிடம் மறைப்பானேன், அந்தப் பல்தான் காரணம்.

விசிலையும் அந்தப் பல்லில்தான் கவ்வுவார். பிளாஸ்டிக் விசில்தானே, ஒரே இடத்தில் கடிபட்டுக் கடிபட்டுப் பள்ளம் விழுந்துவிடும். அப்படிப் பள்ளம் விழுந்த விசில்கள் எங்கள் வீட்டு அலமாரியில் ஏழெட்டுக் கிடக்கும்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், பௌர்ணமிக்கு நாலு நாள் இருக்கும்போது அவருக்கு இடது பக்கம் வலி கண்டது. பௌர்ணமி என்றால் எங்கள் ஊர் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கிரிவலக் கூட்டத்தில் பஸ் படிக்கட்டில்கூடக் கால் வைக்க முடியாது. அன்றைக்கு லீவு போட்டால் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவார். பஞ்சில் கிராம்புத் தைலத்தை நனைத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினார். அதற்குமேல் முடியவில்லை. கன்னம் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது.

"படிச்சவ நீ. எங்க கூட்டினு போறியோ வரேன்" என்றார்.

படித்தவள் என்ற வார்த்தை அந்த வயதில் தலைக்கு ஏறத்தான் செய்யும்.

முதலில் செங்கம் ரோட்டு மாடியில் புதிதாக வந்திருந்த இளம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் ஒன்றிரண்டு பேர் அவரிடம் போவார்கள் என்று கேள்வி. பெஞ்சில் ஈ, காக்கா இல்லை. சின்னக் கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டி, "இங்க வலிக்குதா, இங்க?" என்று கால் மணி நேரம் கேட்டார். பிறகு சொன்னார்: "கடவாப்பல்லு வேர்ல சீழ் புடிச்சிருக்கும்மா. முன்னாடி இருக்கறதெல்லாம் நல்ல பல்லு. எதையும் புடுங்க வேணாம். மாத்திரை தரேன், வீக்கம் வத்தட்டும். நாலஞ்சு தடவை வந்தீங்கன்னா காப்பாத்திடலாம்."

படி இறங்கும்போதே வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். "இவருக்குப் புடுங்கத் தெரியாது போல. அதான் நாலஞ்சு தடவைன்னு சுத்த விடறாரு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கூட்டமில்லாத ஓட்டலில் சாப்பிடக் கூடாது என்பது என் கொள்கை. டாக்டருக்கும் ஓட்டலுக்கும் வித்தியாசம் தெரியாத படிப்பு.

மறுநாள் ஆபீசில் கன்னியம்மா அக்கா வழி சொன்னார். எங்கள் ஆபீசில் தண்ணி வைக்கிறவர், ஊரில் அவருக்குத் தெரியாத இடம் இல்லை. "கடைத்தெரு வைத்தியர்கிட்ட போம்மா. வாசல்ல வெச்சிருக்கற பாட்டிலப் பாத்தினா உனக்கே தெரியும்."

பாட்டிலைப் பார்த்தேன். வாசலிலேயே, மிட்டாய்க் கடையில் இருக்குமே, அந்த மாதிரிப் பெரிய கண்ணாடி பாட்டில். அதில் கழுத்து வரைக்கும் பிடுங்கின பல். எத்தனை பேர் நம்பி வந்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தேன். "மேல் பல்லைப் புடுங்குனா கண்ணு பூடும்" என்று என் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். மூடநம்பிக்கை என்று சிரித்தேன். அந்த மூடநம்பிக்கையாவது எனக்கு இருந்திருக்கலாம்.

"எந்தப் பல்லு?" என்றார் வைத்தியர். இவர் இடது கன்னம் மொத்தத்தையும் காட்டினார். வலிக்கிறவருக்கு அதற்குமேல் எப்படித் தெரியும்? வைத்தியர் கண்ணுக்குத் தெத்துப்பல்தான் பட்டது. "வரிசை தப்பி நிக்குது பாருங்க, இது அழுத்தறதாலதான் வலி. எடுத்துடலாமா?" என்று என்னைக் கேட்டார். திறந்த வாயோடு இவரும் என்னைப் பார்த்தார். பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள். பௌர்ணமி மறுநாள்.

நான் தலையை ஆட்டினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பல் தட்டில் விழுந்து, அங்கிருந்து பாட்டிலுக்குப் போனது. ராசியான கை என்று நானே சொன்னேன். மரத்துப்போகப் போட்ட ஊசி மருந்து சாயங்காலம் இறங்கியதும் அதே வலி, அதே இடத்தில். அதோடுதான் பௌர்ணமிக்கு வண்டி ஏறினார். விசில் வாயில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்ததாம்.

வேறு வழியில்லாமல் மாடி டாக்டரிடமே திரும்பப் போனோம். வாயைத் திறக்கச் சொன்னார். பல் போன இடத்தைப் பார்த்தார். "அது நல்ல பல்லாச்சேம்மா" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். ஐந்து தடவை வரவழைத்துக் கடவாப்பல்லைக் காப்பாற்றிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தப் பல்லில்தான் இவர் முறுக்கு கடிக்கிறார்.

அந்த டாக்டர் இரண்டு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பெஞ்சு காலியாகவே கிடந்து, ஊரை விட்டுப் போய்விட்டார். அந்த மாடியில் இப்போது காப்பிக் கடை. கடைத்தெரு வைத்தியர் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பாட்டிலை என்ன செய்தார்கள் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தோன்றும். யாரைப் போய்க் கேட்பது?

வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சிரிக்கும்போது மட்டும் கை வாய்க்குப் போக ஆரம்பித்தது. மகள் பிறந்த பிறகுதான் அந்த இடத்தில் ஒரு பல் கட்டினோம். கட்டினவர் அதை நேராக, அழகாகக் கட்டிவிட்டார்.

"உங்கப்பாகிட்டேர்ந்துதான் வந்துச்சு" என்றேன் மகளிடம்.

"அப்பாவுக்கா? போட்டோ காட்டு."

கல்யாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார். "சிரிக்காதீங்க சார், அசைஞ்சிடும்" என்று ஸ்டுடியோக்காரர் அன்றைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றில்கூட அந்தப் பல் இல்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான் பாக்கி.

"அப்பா, உங்களுக்கு நெஜமாவே இருந்துச்சா?" என்று மகள் கேட்டாள்.

பேப்பரிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரித்தார். பல்லெல்லாம் வரிசையாக இருக்கிறது, மறைக்க ஒன்றுமே இல்லை. கை மட்டும் வாய்க்குப் போய்விட்டது.