தகட்டில் விழுந்த கீறல்

தொண்ணூறுகளில், குரோம்பேட்டை ரயில் நிலையத்தைத் துத்தநாகத் தகட்டில் வரைந்து, அமிலத்தில் அரித்து அச்சிட்டேன். பத்துப் பிரதிகள் எடுத்ததும் மேற்கொண்டு அச்சிட முடியாதபடி தகட்டைக் கீறிவிடுவது எங்களைப் போன்ற அச்சோவியர்களின் வழக்கம். எனக்கு மனசு வரவில்லை.

பத்தாவதில் ‘பத்தில் பத்து’ என்று பென்சிலால் எண்ணிட்டு, இதுதான் கடைசி என்று சொல்லி, பக்கத்து வீட்டு டீச்சர் அக்காவுக்குக் கொடுத்தேன். பிறகு நண்பன் நச்சரிக்கவே, திருட்டுத்தனமாக இன்னொன்று எடுத்து, அதிலும் அதே எண்ணை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அக்காவைக் கண்டாலே ஒதுங்கிப் போனேன்.

ஒருநாள் அக்கா வாசலிலேயே நிறுத்தினார். “உன் ஃப்ரெண்ட் வீட்லயும் பத்தாவதுதான் மாட்டியிருக்கு. எதுப்பா கடைசி?”

அச்சுக்கூடத்துக்கு ஓடி, தகட்டின் குறுக்கே ஊசியால் ஆழமாகக் கீறி, அந்தக் கீறலோடு ஒரு பிரதி எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“இனிமே எடுக்க முடியாதுல்ல?”

“முடியாதுக்கா.”

பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். இன்றும் அங்கே போனால், படத்தில் ரயில் நிலையம் தெரிவதற்கு முன்பே அந்தக் கீறல்தான் என் கண்ணில் படுகிறது.