தண்ணியக்கா

துணி உலர்த்தும்போது தண்ணியக்கா சண்டை போடுவாள். எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். ஈரத் துண்டை உதறிக்கொண்டே, "அப்படின்னா நீங்களே ஓட்டிப் பாருங்க சார்" என்பாள். தலையணை உறையைக் கொடியில் போட்டு கிளிப்பை மாட்டும்போது, "நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்பாள். பக்கத்து மாடிக்காரர்கள் தங்களைத்தான் திட்டுகிறாளோ என்று முதலில் பயந்தார்கள். பிறகு பழகிவிட்டது. அன்றைக்குத் தன் ஆராய்ச்சி நெறியாளரிடம் பேச வேண்டியதை அவள் காலையிலேயே பேசித் தீர்த்துக்கொள்கிறாள் என்பது கணவருக்கு மட்டும் தெரியும்.

வயது நாற்பத்தொன்று. கணக்கீட்டு அறிவியலில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறாள். பெருமழை பெய்தால் நகரத்தின் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை மழைக்கு முன்பே கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. வாயைத் திறந்தால் தண்ணீர் தவிர வேறு பேச்சில்லை என்பதால் துறையில் இளையவர்கள் வைத்த பெயர் தண்ணியக்கா. புதிதாக வந்த காவலாளி இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, அவள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் நடை தள்ளாடுகிறதா என்று கொஞ்ச நாள் உற்றுப் பார்த்தார்.

வீட்டில் கேள்விக்குப் பஞ்சமில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர் எதுவும் கேட்பதில்லை. அவருக்கும் சேர்த்து அவர் தங்கை கேட்பாள். "அண்ணி, இன்னுமா படிச்சு முடியல? எதிர்வீட்டுப் பையன் உங்களுக்கப்புறம் சேந்து, முடிச்சு, கல்யாணமும் பண்ணிட்டானே." ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளின் கேள்வி வேறு மாதிரி. "மழை பெய்யறப்போ வெளிய போய் நின்னு பாத்தா தெரியாதாம்மா, எங்க தண்ணி நிக்குதுன்னு?"

"அப்ப தெரிஞ்சு என்னடி பிரயோஜனம்? நனையறதுக்கு முந்தியே தெரியணும்."

ஆய்வுக் குழுவும் ஒருமுறை ஏறக்குறைய இதையே கேட்டது. மகளுக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் இலக்கண சுத்தமாகச் சொல்லித் தப்பித்தாள்.

ஆராய்ச்சி என்றால் மூளைக்கு வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தாள். பொறுமைக்குத்தான் வேலை என்று பிறகு தெரிந்தது. எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக ஒரே பெருங்கணினி. நகரத்தின் மேடு பள்ளம் அத்தனையையும் அதற்கு ஊட்டி, வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். "கெமிஸ்ட்ரிக்காரன் ஒருத்தன் மூட்டை முடிச்சோட ஏறி எல்லா சீட்டையும் பிடிச்சிட்டான். நான் படியில தொங்கறேன்" என்பாள். ஒருவழியாக முறை வந்து ஓடத் தொடங்கினால் முக்கால்வாசியில் நின்றுவிடும். ஏன் நின்றது என்றும் சொல்லாது. அப்போது அவள் திரையைப் பார்த்து நிதானமாக, "சரி, நல்லா இரு" என்பாள். அவளுடைய வசவுகளில் அதுதான் உச்சம். பக்கத்து மேசைக்காரர்கள் அதைக் கேட்டதும் ஒவ்வொருவராக எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அவள் ஓட்டும் நிரல் அவள் எழுதியதல்ல. அதே நெறியாளரிடம் முன்பு படித்துவிட்டு இப்போது வங்கி ஒன்றில் வேலை பார்ப்பவன் விட்டுப்போன சொத்து. துறையில் அவனை 'முன்னவன்' என்பார்கள். நிரலுக்குள் அங்கங்கே குறிப்பு எழுதி வைத்திருந்தான். ஓரிடத்தில் 'இதைத் தொட வேண்டாம்'. இன்னோரிடத்தில் 'ஏன் என்று கேட்க வேண்டாம்'. ஒருநாள் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேவிட்டாள்.

"அக்கா, அது ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியாது. ஒரு நாள் ஓடுச்சு. அப்படியே விட்டுட்டேன்" என்றான் முன்னவன். வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

அந்த நிரலில்தான் தண்ணீர் காணாமல் போயிற்று. மேலிருந்து பெய்தது இவ்வளவு, வடிகாலில் போனது இவ்வளவு, தெருவில் நிற்பது இவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. கொஞ்சம்தான், நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நெறியாளரிடம் போனாள். எதையும் 'சின்ன விஷயம்' என்று தொடங்குவது அவர் வழக்கம்.

"சின்ன விஷயம்மா. ரவுண்டிங் எரர். கம்ப்யூட்டர் புள்ளிக்கப்புறம் ஓரளவுக்குத்தானே வச்சுக்கும்."

"ரவுண்டிங்னா ஒரு தடவை கூடணும், ஒரு தடவை குறையணும் சார். இது எப்பவும் குறைஞ்சுகிட்டேதான் இருக்கு."

"இந்த வருஷக் கடைசியில நான் ரிட்டயர் ஆறேன். அதுக்குள்ள தீசிஸைக் குடுத்துரு. ஒரு சொட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு என்னையும் படுத்தாதே, உன்னையும் படுத்திக்காதே."

அதில் நியாயம் இருந்தது. அவர் போய்விட்டால் புது நெறியாளர், புதுக் குழு, எல்லாம் முதலிலிருந்து. இரண்டு கட்டுரைகள் ஏற்கெனவே வெளியாகியிருந்தன. போதாததற்கு, நகர வடிகால் அலுவலகம் அவள் தயாரித்த வரைபடத்தை வாங்கிப் போய், மழைக்காலத்துக்கு முன் எந்தெந்தத் தெருவில் பம்பு வைப்பது என்று அதைப் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்தது. துறையில் ஒருவரின் ஆராய்ச்சி வெளியே யாருக்காவது பயன்படுவதே அபூர்வம். நெறியாளர் போவோர் வருவோரிடமெல்லாம் அதைச் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். ஆனால் அவள், கைகழுவும் இடத்தில் குழாய் சொட்டினால் மூடிவிட்டு, மறுபடி சொட்டுகிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் போகிறவள்.

வீட்டுக்கு வந்தும் இதே புலம்பல். கணவர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "நூத்துல ஒண்ணுகூட இல்லங்கறே. விடேன்" என்றார்.

"உங்க கடையில தினம் ஒரு மாத்திரை குறைஞ்சா விட்டுருவீங்களா?"

"விட மாட்டேன். எத்தனைன்னு எண்ணிக்கிட்டு நிக்கவும் மாட்டேன். எந்த டப்பாவுல குறையுதுன்னு பாப்பேன்."

இந்தப் பதில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சரியாகவும் இருந்ததால் எரிச்சல் கூடிற்று. எவ்வளவு போகிறது என்றே இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

பெருங்கணினி என்பது உண்மையில் பல கணினிகளின் கூட்டம். நகரத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள். தன் எல்லைக்கு வந்து சேரும் தண்ணீரை ஒவ்வொன்றும் அடுத்த துண்டுக்குக் கைமாற்றிவிட வேண்டும். இடம், வலம், மேல், கீழ் எல்லாம் ஒழுங்காகத்தான் கைமாறியது. நான்கு துண்டுகள் கூடும் மூலையில்தான் வினை. அங்கே குறுக்கே எதிர்மூலைக்குப் போக வேண்டிய தண்ணீரை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அது அப்படியே மறைந்துபோயிற்று. முன்னவன் 'தொட வேண்டாம்' என்று எழுதியிருந்தது இந்த இடத்தைத்தான். வெட்டும் விதத்தை மாற்றி ஓட்டினாள். வறண்ட மூலைகள் வேறு தெருக்களுக்குக் குடிபோயின. நகரத்துக்கு அது ஒரு சொட்டு. மூலையில் அகப்பட்ட தெருவுக்கோ, வந்த வெள்ளமே அதுதான்.

வடிகால் அலுவலகம் வைத்திருந்த வரைபடத்தில் அப்படி ஒரு சந்து, பொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்தது. சந்தின் கோடியில் மழலையர் பள்ளி. திருத்தி ஓட்டியதும் அங்கே அறுபத்தைந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றது.

நெறியாளர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அன்று அவர் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை.

"ரெண்டு பேப்பருக்கும் திருத்தம் எழுதணும். முன்னவன் பேப்பருக்கும்தான். எல்லாத்தையும் திரும்ப ஓட்டணும். நான் இருக்கறதுக்குள்ள நடக்கற காரியமில்ல. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"சரி, எழுது. முதல் கையெழுத்தை நான் போடறேன்."

மேற்கொண்டு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். திருத்தம் வெளியாயிற்று. நெறியாளர் ஓய்வு பெற்றார். புது நெறியாளர் அவளைவிட ஆறு வயது இளையவர்; வந்ததும் வராததுமாக ஆய்வின் தலைப்பை மாற்றச் சொன்னார். நாத்தனார் கேள்வியை நிறுத்தவில்லை. பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. சந்துக்குப் பம்பு மட்டும் வந்தது, மழைக்கு முன்பே. அதை வரவழைக்கத்தான் அவள் படாத பாடு பட்டாள்.

வடிகால் அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் கெட்டவர் அல்ல. இருக்கிற பம்புகளைப் பங்கு போட்டு, எல்லாத் தெருக்காரர்களிடமும் பேச்சு வாங்கி ஓய்ந்திருந்தவர். தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் பெருமூச்சுதான் கேட்டது. நேரில் போனபோது மீட்டிங் என்றார்கள். மறுநாள் போனாள், சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். "சாப்பிட்டுட்டு வரட்டும்" என்று வாசலிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், இந்த மேப்பைக் குடுத்ததே நீங்கதான்" என்றார் அவர். "இப்ப நீங்களே தப்புங்கறீங்க. நாளைக்கு வந்து இதுவும் தப்பும்பீங்க. நான் யாரைத்தான் நம்பறது?"

"தப்பைக் கண்டுபிடிச்சவளை நம்புங்க."

"எல்லாம் முடிவாயிருச்சு மேடம். அங்க ஒண்ணு வைக்கணும்னா இன்னொரு எடத்துல எடுக்கணும். எடுத்தா அந்தத் தெருவே இங்க வந்து நிக்கும்."

"ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறம் நான் இந்தப் பக்கமே வரல."

அந்தக் கடைசி வாக்கியத்தின் மேல் ஆசைப்பட்டுத்தான் அவர் கிளம்பி வந்திருக்க வேண்டும்.

பள்ளி விடும் நேரம். சந்து மட்டமாக, காய்ந்து, வெள்ளம் என்று சொன்னால் சிரிக்கிற மாதிரி கிடந்தது. கோடியில் தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் பள்ளிக்குள் போக வேண்டும். பொறியாளர் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தார்.

"எவ்வளவு வரும்னீங்க?"

"அறுபத்தஞ்சு."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "முழங்காலுக்குக் கொஞ்சம் மேல. இதைவிட மோசமான தெரு எத்தனையோ இருக்கு மேடம். நடந்தே வந்துரலாம்."

தண்ணியக்கா பையைத் திறந்தாள். உள்ளே படங்கள் இருந்தன, அட்டவணைகள் இருந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு அளவுநாடாவை எடுத்தாள். படிக்குக் கீழே ஒரு சின்னப் பெண், முதுகில் தன்னைவிட அகலமான பையோடு, கூட்டிப்போக வருகிறவர்களுக்காக நின்றுகொண்டிருந்தது. மூன்று வயதிருக்கும். அவள் இறங்கிப் போய் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, "கொஞ்சம் அசையாம நில்லுடா கண்ணு" என்றாள். நாடாவின் நுனியைத் தரையில் வைத்து அறுபத்தைந்து வரை இழுத்தாள். பிறகு நாடாவை விட்டுவிட்டு, அந்த உயரத்திலேயே உள்ளங்கையை மட்டமாகப் பிடித்தாள். குழந்தையின் நெஞ்சுக்கு நேரே, சட்டையின் இரண்டாம் பொத்தானுக்கு அடியில் அது நின்றது.

பொறியாளர் மறுபடி தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை.