தொப்பி நசுங்கிய நாள்

கடிர்குல் வாயால் நல்ல வார்த்தை வாங்கிய ஒரே ஜீவன் பாப்ளர் மரம்தான். மற்றபடி மேலதிகாரி தண்டச்சோறு, ரொட்டிக்கடைக்காரன் திருடன், மகள் பெகாயிம் கட்டிக்கொண்ட எர்மெக் படித்த முட்டாள்.

பாட்கென் மலையடி நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷமாகக் கூரைக்கு முட்டுக் கொடுக்கிற வேலை. முட்டுக்கட்டையை நட்டு, அதன் தலைக்கும் பாறைக்கும் நடுவே ஒரு பாப்ளர் பலகையைச் செருகுவான். அதற்குப் பெயர் தொப்பி. கட்டையில் நார் நெட்டுக்குத்தாக நிற்கும்; லேசில் அசையாது, ஒடிந்தால் ஒரேயடியாக ஒடியும். தொப்பியில் நார் படுத்திருக்கும்; பாறை கொஞ்சம் இறங்கினாலே நசுங்கும். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வெளியே ஓடுவார்கள்.

அந்தப் பிரிவுக்கே மேற்பார்வையாளனாக வந்து சேர்ந்தான் எர்மெக், கையில் சோதனைக்கூடத்துத் தாளோடு.

"மாமா, ஒரே மரம்தான். நார் படுத்தா நசுங்குது, நிமிந்தா இருபது மடங்கு விறைப்பு. அப்புறம் எதுக்குப் படுக்க வைக்கிறீங்க? கட்டையைக் குறுக்கே அறுத்து வில்லை வில்லையா வைங்க, நார் நிமிந்து நிக்கும்."

"சோதனைக்கூடத்துல அழுத்திப் பாத்தாங்களே, அப்ப அடியில யாராச்சும் குந்தி ரொட்டி தின்னாங்களா மாப்ளே?"

ஆட்கள் சிரித்தார்கள். எர்மெக்கின் காது சிவந்தது. "சொன்னதைச் செய்யுங்க."

படட்டும், பட்டால்தான் புத்தி வரும் என்று கடிர்குல் தன் கையாலேயே நாற்பது வில்லை அறுத்து மாட்டினான். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை விளக்கவில்லை. இந்த மண்டைக்கு விளக்கம் ஒரு கேடா!

பதினோராம் நாள் எர்மெக் பார்வையிட வந்தான். ஆறு பேர் கரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்கை உயர்த்தி ஒவ்வொரு வில்லையாகப் பார்த்தான், ஒரு கீறல் இல்லை. கோடியில் ஒரே ஒரு பழைய தொப்பி மட்டும் அப்பளமாக நசுங்கி, ஓரத்தில் ஈரம் கசிந்தது.

"பாத்தீங்களா, உங்க பலகைதான் தாங்கல!"

"ஓடுங்கடா வெளியே!" கடிர்குல் மருமகனின் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். ஆறு பேரும் பின்னால் ஓடிவந்தார்கள். சுரங்கப் பாதையின் வளைவைத் தாண்டியதும் முட்டுகள் படபடவென்று ஒடிந்து கூரை விழுந்தது.

வெளியே வெயிலில் எல்லோரும் இருமினார்கள். கடிர்குல் பொரிந்து தள்ளினான். "படிச்ச கழுதை! நசுங்கறதுக்குத்தான்டா அதை வெச்சதே!"

எர்மெக் கரி அப்பிய முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அந்த ஒண்ணை மட்டும் ஏன் மாமா படுக்க வெச்சீங்க?"

அது கடிர்குல் மதியத்தில் யாரோடும் சேராமல் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்கிற இடம். மற்றவர்கள் தலைக்கு மேலே இருந்ததெல்லாம் வில்லை, அவன் அறுத்து மாட்டியது.

ஆறு பேரும் அவனையே பார்த்தார்கள்.