அத்தை வீட்டுப் பந்தி

ஒருவருடைய பாசத்தை மறுக்காமல், அவர் பரிமாறும் சோற்றை மட்டும் மறுக்க முடியுமா? எழுமலையில் அத்தை வீட்டுக் காதுகுத்தன்று இந்தக் கேள்விக்கு முன்னால் நான் திகைத்து நின்றேன்.

அப்பாவின் வலக்கால் பெருவிரலில் ஆறாத புண் இருந்தது. சர்க்கரை குறையாவிட்டால் விரலை எடுக்க நேரிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். வயற்காட்டு வேலையை விட்டு வில்லாபுரத்தில் பெயின்ட் கடை வைத்த பிறகு அப்பா நாள் முழுதும் நாற்காலியில்தான் இருந்தார். தட்டில் விழுந்த சோறு மட்டும் மண்வெட்டி பிடித்த காலத்து அளவிலேயே இருந்தது. முகூர்த்த மாதங்களில் அதற்குமேல் விருந்து. எங்கள் பக்கம் விசேஷ வீட்டில் கை நனைக்காமல் திரும்பினால், உறவை முறித்துக்கொண்டதாகவே பொருள்.

நோயைச் சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். "சீக்காளின்னு பேரு வேணாம், வாயத் திறக்காதே" என்று பேருந்திலேயே என்னிடம் சொல்லிவிட்டார். மொய் எழுதியதும், "வாரேன் தாயி" என்று தம் தங்கையான அத்தையிடம் விடைபெற்றார்.

அத்தையின் முகம் மாறியது. "கை நனைக்காமயா? ஏண்ணே, என் வீட்டுச் சோறு எறங்காதோ? அப்படிப் போறதா இருந்தா இனி இந்த வாசப்படிய மிதிக்காதே!"

"விடு, மாப்ள டவுனுக்காரராயிட்டாரு" என்று மாமா கிண்டலாகச் சிரித்தார்.

அப்பா தலைகுனிந்து பந்தியை நோக்கி நடந்தார். சொன்னால் அவருடைய மானம். சொல்லாவிட்டால் அவருடைய கால். மானத்தைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. "அத்தை, அப்பாவுக்குச் சுகர். கால்ல புண்ணு ஆறல. விரலை எடுக்கணும்னு பயமுறுத்துறாங்க" என்றேன்.

அத்தை ஓடிவந்து அப்பாவை நிறுத்தினார். பிறகு அப்பாவின் தோளில் ஓர் அடி வைத்தார். "கூறுகெட்ட மனுசா! நானும் சுகருக்கு மாத்திரைதான் போடுறேன். நீ வருத்தப்படுவேன்னுதானே போன மாசம் உன் வீட்டுல ரெண்டு தரம் பாயசம் வாங்கிக் குடிச்சேன்!"

"அப்ப அண்ணனும் தங்கச்சியும் போட்டி போட்டுல்ல ஒடம்பக் கெடுத்திருக்கீக!" என்றார் மாமா. அப்பாவே சிரித்துவிட்டார்.

அத்தை அவரருகில் அமர்ந்து தாமே பரிமாறினார். இலையில் கறியும் முட்டையும் அவரைக்காய்ப் பொரியலும் நிறைய. சோறு ஓர் ஓரத்தில் கொஞ்சம். "இம்புட்டுப் போதுமாண்ணே?" என்று கேட்டார். எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல், "தாயி, எனக்கும் அம்புட்டே வையி" என்றது. அதற்குப் பின்னால் இன்னொரு குரல். இத்தனை பேர் ஒருவர் மனம் நோகக்கூடாதென்று மற்றவர் உண்டுகொண்டிருந்ததை அன்றுதான் அறிந்தேன். கோபத்தை அவ்வளவு விரைவாகக் கரிசனமாக மாற்றத் தெரிந்த அத்தைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அதன்பின் அப்பா தம் நோயை யாரிடமும் மறைக்கவில்லை. சர்க்கரை மெல்ல இறங்கியது, புண் ஆறியது, விரலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் உறவு வீடுகளில் இப்போது எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவிட்டே சோறு வைக்கிறார்கள்.