கோவிந்தராசு வீட்டு விலாசத்தில் ஏழு கார்

தலத்தெரு கோவிந்தராசுவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவரிடம் இருந்ததெல்லாம் நினைத்த இடத்தில் செயின் கழன்றுகொள்ளும் ஒரு சைக்கிள்தான். ஆனால் 1986-ஆம் வருஷத்துப் பதிவுக் கணக்கைப் பார்த்தால், அவர் வீட்டில் ஏழு புத்தம்புதுக் கார்கள் நின்றுகொண்டிருக்க வேண்டும். அந்த வாசலில் சைக்கிளைத் திருப்புவதே பெரும்பாடு.

காரைக்காலில் வண்டி விற்கும் ஏஜென்சி ஒன்றில் அவர் குமாஸ்தா. எழுபதுகளில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக்கிடந்தவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் அவருடைய முக்கிய வேலை. "வந்துக்கிட்டே இருக்குங்க" என்று சிரித்துச் சிரித்தே பத்து வருஷத்தை ஓட்டினார். கல்யாணத்துக்கென்று புக் பண்ணின ஒருத்தர், வண்டி வந்தபோது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட அதை எடுத்துக்கொண்டு போனார். அப்படியும் கோவிந்தராசுவின் மேல் யாருக்கும் கோபம் வந்ததில்லை. மனிதர் வாய் அப்படி.

எண்பதுகளின் நடுவில் சின்னக் கார் ஒன்று வந்தது. கம்பெனிப் பெயர் நமக்கு வேண்டாம். நடுத்தரக் குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கிவிடலாம் என்கிற விலை. அதிலும் புதுச்சேரி ஆட்சியில் இருக்கும் காரைக்காலில் வாங்கினால் தமிழ்நாட்டைவிட வரி குறைவு, மிச்சமாகிற பணத்தில் ஒரு பவுன் தேறும். நாகூர், திருவாரூர், கும்பகோணத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஒரே ஒரு சிக்கல். இங்கே பதிய வேண்டுமானால் இங்கே ஒரு விலாசம் வேண்டும்.

"அதுக்கென்னங்க, நம்ம வூட்டு விலாசத்தப் போட்டுக்குங்க" என்றார் கோவிந்தராசு. அது தப்பு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் பாதிப்பேர் செய்வதுதானே என்று விட்டுவிட்டார்.

அதற்காக அவர் காசு வாங்கவில்லை. ஆனால் ஒரு ஆசை இருந்தது. கார் கையில் வந்ததும் நேரே தலத்தெருவுக்கு ஓட்டிவர வேண்டும். அவர் மனைவி லோகாம்பாள் ஆரத்தி எடுப்பாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கார் நசுக்கிப் போகும். பிறகு முன்சீட்டில் கோவிந்தராசு ஏறிக்கொண்டு, சிவன் கோயில் வரை ஒரு சுற்று. தெரிந்தவர்கள் கண்ணில் பட்டால் கண்ணாடியை இறக்கி, வெயில் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். ஏழு காருக்கும் முதல் சவாரி அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை தபால்காரர் கருப்பையன் ஏழு ரிஜிஸ்டர் தபால்களை ஒரே கட்டாகக் கொண்டுவந்தார். "கல்யாணப் பத்திரிகையாங்க?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டு வாங்கினார் கோவிந்தராசு. பிரித்துப் பார்த்தால், ஏழிலும் ஒரே கடிதம், கார்க் கம்பெனி எழுதினது. குறிப்பிட்ட மாதத்தில் செய்த கார்களில் பிரேக் எண்ணெய் போகும் குழாய் அடிச்சட்டத்தில் உரசித் தேய்கிறது. திடீரென்று பிரேக் பிடிக்காமல் போகலாம். உடனே ஏஜென்சிக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தரப்படும். விற்ற கம்பெனியே தன் குறையை எழுதி அனுப்பும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

முதலாளியிடம் ஓடினார். முதலாளி கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"தபால் விலாசத்துக்குப் போச்சு. வாங்கினதுக்குக் கையெழுத்தும் ஆச்சு. நம்ம பொறுப்பு முடிஞ்சுதய்யா."

"கையெழுத்துப் போட்டது நானுங்களே."

"அப்ப உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் பக்கம் திரும்பிவிட்டார். அந்த மனிதரிடம் வேறெதையும் எதிர்பார்த்திருக்கக் கூடாதுதான்.

கோவிந்தராசு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். நாகூரில் அஜீசுன்னிசாதான் காரியக்காரப் பெண்மணி. வீட்டுக்காரர் நெய்னா முகம்மது துபாயில் இருந்தார். "அவங்க சபர்ல இருக்காங்க. வண்டிய யாரும் தொடமாட்டாங்க. சாவிய நீங்களே கொண்டுபோங்க" என்று கையில் கொடுத்துவிட்டாள். மற்றவர்கள் அவ்வளவு லேசில் மசியவில்லை. காரைக்கால் நம்பர் வண்டிகளைப் பிடித்து வரி வசூல் பண்ணுகிறார்கள் என்று அப்போது ஒரு வதந்தி தஞ்சாவூர் வரைக்கும் சுற்றிக்கொண்டிருந்தது. புதுக் காரில் பழுதாம், இலவசமாம், காரைக்காலுக்கே கொண்டுவர வேண்டுமாம். கேட்டவர்களுக்கெல்லாம் எலிப்பொறியில் வைத்த மசால்வடையாகவே பட்டது. கெஞ்சி, சத்தியம் பண்ணி, ஒருவழியாக ஆறு பேரைச் சம்மதிக்க வைத்தார்.

ஏழாவது ஆள் திருவாரூர் ரைஸ்மில் முத்தையன். அவர் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்குய்யா உங்க சூழ்ச்சி. வாஞ்சூர் எல்லை செக்போஸ்டுல ஆள நிறுத்தி வச்சிருக்கீங்களா?"

"அய்யா, பிரேக்கு சமாச்சாரங்க. வெளையாடாதீங்க."

"நேத்துகூட நாந்தான் போயிட்டு வந்தேன். வெண்ணெய் மாதிரி நிக்கிது. வெள்ளிக்கிழமை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிலேருந்து எம் பொண்ணும் பொறந்த புள்ளையும் இந்தக் கார்லதான் வர்றாங்க. அபசகுனமாப் பேசாம காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

காப்பியைத் தொடாமலே கிளம்பினார். திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் உள்ள ரயில்வே கேட்டுகளையும் வாய்க்கால் வளைவுகளையும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் அந்தச் சின்னக் கார் நிற்காமல் போனது. தான் மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பின கார்.

வீட்டுக்கு வந்து லோகாம்பாளிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். கடைசியில், பஸ்ஸில் வரும்போதே மனசில் விழுந்ததைத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வீட்டுப் பத்திரத்த அவருகிட்ட ஈடா வச்சிட்டுக் காரக் கொண்டாரலாம்னு பாக்கறேன். கார் திரும்பலன்னா வீட்ட எடுத்துக்கட்டும்."

வீடு லோகாம்பாளுடையது. அவள் அப்பா நெடுங்காட்டில் நிலத்தை விற்று வாங்கிக் கொடுத்தது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? ஊரான் காருக்கு எங்கப்பா வூடா? முன்சீட்டுல ஒக்காந்து ஊர்கோலம் போனீங்களே, அப்ப என்னைக் கேட்டீங்களா?"

அவள் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "பச்சப்புள்ளையா?" என்று கேட்டாள்.

"பத்து நாள் புள்ள."

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். பத்திரத்தை மஞ்சள் பையில் வைத்து அவர் பக்கத்தில் போட்டுவிட்டு, அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை.

மறுநாள் முத்தையன் அந்தப் பத்திரத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதெல்லாம் எதுக்குங்க" என்று சொல்வார் என்று கோவிந்தராசு உள்ளூர எதிர்பார்த்தார். முத்தையன் அப்படியொன்றும் சொல்லவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் டிரைவர் நடராசனைக் கூப்பிட்டார். வியாபாரி, வியாபாரிதான்.

மாட்டுவண்டி வேகத்தில் வந்தார்கள். பின்னால் வந்த பஸ்காரர்கள் திட்டாத திட்டு இல்லை. வாஞ்சூரில் காவலர் பாதித் தூக்கத்தில் கம்பைத் தூக்கிவிட்டுத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார். போலகம் தாண்டும்போது குறுக்கே ஒரு ஆட்டுக்குட்டி வந்தது. நடராசன் மிதித்தார், கார் நின்றது. "பிரேக்கு நல்லாத்தானேங்க இருக்கு?" என்று நடராசன் கேட்டதும் கோவிந்தராசுவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஒன்றுமில்லாததற்கா வீட்டைக் கொண்டுபோய் அடமானம் வைத்தோம்?

பட்டறையில் மெக்கானிக் மருதையன் காருக்கு அடியில் படுத்தார். ஒட்டியிருந்த சேற்றைத் துணியால் துடைத்தார். பிறகு நடராசனை ஒரு தரம் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொன்னார். நடராசன் மிதித்தார். அடுத்த மிதியில் கால் தரை வரைக்கும் இறங்கிவிட்டது. எண்ணெய் மருதையனின் சட்டையெல்லாம் பீய்ச்சியது. நடராசன் சீட்டைவிட்டு இறங்கி, அப்படியே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். கோவிந்தராசுவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது பயமா நிம்மதியா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் புதுக் குழாய் மாட்டின கார் கோவிந்தராசுவையும் ஏற்றிக்கொண்டு திருவாரூர் போய்ச் சேர்ந்தது. நடராசன் நடந்ததைச் சொல்லிப் பழைய குழாயை மேஜைமேல் வைத்தார். முத்தையன் அதில் விழுந்திருந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். போய்ப் பத்திரத்தை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"நான் உங்கள நம்பல. ஆனா நீங்க வீட்டையே தூக்கிக்கிட்டு வந்தீங்க. எம் பொண்ண நீங்க பாத்ததுகூட இல்ல. ஏன்யா செஞ்சீங்க?"

கோவிந்தராசு சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"அய்யா, கார் எங்கனாச்சும் மோதிச்சின்னா போலீசு நம்பர வச்சு விலாசம் பாக்கும். ஆள் எங்க வூட்டுக்குத்தாங்க வரும். நான் ஏஜென்சிக்குப் போயிருப்பேன். உங்க பொண்ணும் புள்ளையும் போன சேதிய எம் பொஞ்சாதி வாசல்ல நின்னு வாங்கணும். அவ எப்படிங்க வாங்குவா?"

முத்தையன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நடராசனைப் பார்த்துச் சொன்னார்.

"திங்கக்கெழமை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயி வண்டிய நம்ம விலாசத்துக்கு மாத்தணும். வரி என்னவோ அதக் கட்டிடுவோம். நம்ம வீட்டுச் சாவுச் சேதி நம்ம வீட்டுக்கு வரட்டும்."